கதவுக்குத் தெரிந்த ஒரே முயல்

ஒரு காட்டில் எல்லாருக்கும் பேசத் தெரியும், கேட்கத்தான் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அங்கே நடந்ததை இங்கே உட்கார்ந்து நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் பல்லைக் காட்டிவிட்டது. ஓடை போச்சு. குட்டை போச்சு. பாறைக்குழியில் ஒளிந்திருந்த நாலு கை தண்ணீரும் போச்சு. மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு எலும்பாக நின்றன. மிச்சம் இருந்தது நடுக்காட்டில் இருக்கிற மடு ஒன்றுதான்.

அதுவரைக்கும் மடுவில் தண்ணீர் குடிக்க ஒரு முறை இருந்தது. விடியலில் மான்கள், வெயில் ஏறினால் பன்றிகள், உச்சிப் பொழுதில் ஊர்கிறவர்கள், பொழுது சாயும்போது புலி. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் யாரும் மீறவும் இல்லை.

புலி வேங்கையப்பனுக்கு இது பிடிக்கவில்லை. பக்கத்துக் காட்டில் மாநாடு என்று போய்வந்ததிலிருந்து அதற்கு ஒரே ஏக்கம். அங்கே மடுவைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு ஒரு கதவு. கதவில் ஒரு பெட்டி. பெட்டியில் நம் மெயில் ஐடியை அடித்தால், நம் மெயிலுக்கு நாலு எண் வரும். அந்த நாலு எண்ணை அடித்தால் கதவு திறக்கும்.

"நமக்கும் ஒண்ணு வேணும்," என்றது புலி.

புலி வேணும் என்றால் வேணும்தானே. வேலி வந்தது, கதவு வந்தது, காவலுக்குக் கருப்பட்டி என்கிற கரடி வந்தது. பெட்டிக்குள் ப்ரோகிராம் நெய்கிற வேலை தூக்கணாங்குருவி நாரப்பனுக்குப் போனது. நாரப்பன் கை வேலையில் குறை சொல்ல முடியாது. முடிச்சு மேலே முடிச்சாகப் போட்டு, தப்பான ஐடி ஒன்றுகூட நுழையாதபடி நெய்து வைத்தான். புலி வந்தால் மட்டும் எதுவும் கேட்காமல் தானாகத் திறக்கிற மாதிரி தனியாக ஒரு கண்ணியும் போட்டான். அதுகூடத் தெரியாதவனா அவன்?

ஆனால் ஒன்று அவனுக்குத் தெரியாது.

அந்தக் காட்டில் பெயர் என்றால் அப்பன் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் தன் பெயர். மெயில் ஐடியும் அப்படித்தான். அதன் பின்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு குறி வருமே, தொட்டவுடன் சுருண்டுகொள்கிற மரவட்டை மாதிரி, அதை அங்கே மரவட்டை என்றே சொல்வார்கள். மரவட்டைக்குப் பின்னால் அவரவர் குடியிருக்கிற இடத்தின் பெயர், ஒரு புள்ளி, காடு. இப்படி முடியும்.

தூக்கணாங்குருவி இனத்திலோ அப்பன் கூடு கட்டுவான், பெண் பார்க்க வந்ததும் காட்டுவான், குடிவைத்துவிட்டு அடுத்த கூடு கட்டப் பறந்துவிடுவான். பிள்ளைகளுக்கு அப்பன் முகமே தெரியாது. அப்புறம் எங்கே முதல் எழுத்து? எங்கே புள்ளி? நாரப்பன் வெறும் நாரப்பன். அதனால் மரவட்டைக்குப் பின்னால் புள்ளி வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முன்னாலும் வரும் என்பது அவன் கனவில்கூட வரவில்லை.

கதவு திறந்த முதல் நாள். குயில் வந்தது, போனது. அதற்கும் அப்பனைத் தெரியாது, புள்ளியும் இல்லை. தூக்கணாங்குருவிகள் கூட்டமாகப் போயின. அவர்களுக்குப் பின்னால் நின்றவள் உடும்பு செவ்வந்தி. மாசானத்தின் மகள். கையில் ஒரு கொட்டாங்குச்சி. வீட்டுக்காரன் ஒச்சப்பன் கால் ஒடிந்து பாறை இடுக்கில் கிடக்கிறான். அவனுக்கு நாக்கு நனைந்து இரண்டு நாள் ஆகிறது. தான் குடித்துவிட்டு அவனுக்கும் ஒரு கொட்டாங்குச்சி தண்ணீர் எடுத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் அவள் வந்த காரியம்.

மா, புள்ளி, செவ்வந்தி, மரவட்டை, பாறை, புள்ளி, காடு. ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தினாள்.

'செல்லாத முகவரி,' என்றது பெட்டி.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே.

"தள்ளி நில்லுங்கக்கா, பின்னாடி ஆளு நிக்குது," என்றது கரடி.

"டேய் கருப்பட்டி, என்னைத் தெரியலையா உனக்கு?"

"தெரியாம என்ன? செவ்வந்தியக்கா."

"போன வருஷம் தேன் பொந்துல மூக்கைக் குடுத்துட்டு முழிச்சியே, யாரு உன் காலைப் பிடிச்சு இழுத்தது?"

"நீங்கதான். இன்னும் தழும்பு இருக்கு."

"அப்ப கதவைத் திற."

கரடி தலையைச் சொறிந்தது. "எனக்குத் தெரியுதுக்கா. பெட்டிக்குத் தெரியலையே."

"பெட்டி பெருசா, நான் பெருசா?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. எனக்கு மாசாமாசம் தேன் குடுக்கிறது பெட்டி வச்ச ஆளு."

பின்னால் நின்ற முள்ளம்பன்றிக்குப் பொறுமை இல்லை. "அந்தப் புள்ளியை எடுத்துட்டு அடிச்சுப் பாரேன் தாயி," என்றது.

"புள்ளியை எடுத்தா அது நானில்ல. மேற்குக் காட்டுல மாசெவ்வந்தின்னு ஒருத்தி இருக்கா. எனக்கு வர்ற எண்ணு அவளுக்குப் போயிரும்."

"அப்ப புதுசா ஒரு ஐடி எடுத்துக்க."

"எடுக்கலாம். இங்க கிடைக்கிற டவர்ல மெயில் பாக்கத்தான் முடியும், புது ஐடி எடுக்க டவர் நல்லா கிடைக்கணும். இந்தக் காட்டுல டவர் நல்லா கிடைக்கிற இடம் எது?"

முள்ளம்பன்றி யோசித்தது. "மடுவுக்கு நடுவுல இருக்கிற பாறை."

"அங்க போக?"

"கதவு திறக்கணும்."

அப்புறம் முள்ளம்பன்றி தன் ஐடியை அடித்தது. அதற்கும் அப்பன் உண்டு. செல்லாத முகவரி.

உடும்பு பிடித்தால் விடுமா? செவ்வந்தி நேரே நாரப்பன் கூட்டுக்குப் போனாள். கூடு மேலே ஆடிக்கொண்டிருந்தது, இவள் கீழே நின்று சங்கதியைச் சொன்னாள். நாரப்பன் தலைகீழாகத் தொங்கிக் கேட்டான். கேட்டவுடன் மூக்கில் அடித்துக்கொண்டான்.

"அடடா! மரவட்டைக்கு முன்னாடியும் புள்ளி வருமா? யாருமே சொல்லலையேக்கா."

"அப்பன் உள்ளவங்க யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

நாரப்பன் முகம் வாடிப்போனது. செவ்வந்திக்கும் சொன்ன பிறகு சங்கடமாகிவிட்டது. "சரி விடு தம்பி. சரி பண்ண எத்தனை நாளாகும்?"

"நாளா? ஒரே ஒரு முடிச்சு."

பெட்டியில் இருப்பதைப் போலவே ஒன்று அவன் கூட்டிலும் இருந்தது. அதில் ஒரு முடிச்சை அவிழ்த்தான், வேறு மாதிரி போட்டான். செவ்வந்தியின் ஐடியை அடித்துக் காட்டினான். 'வருக' என்றது. செவ்வந்திக்கு வயிறு குளிர்ந்தது.

"அப்ப வா, கதவுல கொண்டுபோய் மாட்டு."

"மாட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி கொண்டையன் மரத்துல ஏறி இறங்கணும். அது சட்டம்."

கொண்டையன் என்பது மரங்கொத்தி. நெய்கிறவன் நெய்தால், கொத்திப் பார்க்கிறவன் ஒருவன் வேண்டுமல்லவா? ஒரு பட்ட மரம் முழுக்கக் கண்ணாடி இலைகளைத் தொங்கவிட்டு வைத்திருந்தான் கொண்டையன். ஒவ்வொரு இலையும் ஒரு சோதனை. இலையில் ஒரு ஐடியும், அதற்குப் பெட்டி சொல்ல வேண்டிய பதிலும் எழுதியிருக்கும். கொத்தினால் அந்த ஐடி பெட்டிக்குப் போகும். எழுதியிருக்கிற பதிலே வந்தால் இலை பச்சையாக எரியும். வேறு பதில் வந்தால் சிவப்பாக எரியும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு இலை. காட்டில் ஒரு மரத்திலும் இலை இல்லாத அந்தக் கோடையில், செத்துப்போன இந்த மரம் ஒன்றுதான் பச்சைப் பசேலென்று நின்றது. தூரத்திலிருந்து பார்த்து, நிழல் கிடைக்கும் என்று ஓடிவந்து ஏமாந்த மான்கள் உண்டு.

செவ்வந்தி மரத்தைச் சுற்றிவந்து ஒவ்வோர் இலையாகப் படித்தாள்.

"ஏன் தம்பி, எல்லாம் ஒரே முயலா இருக்கு?"

உண்மைதான். 'சோதனைமுயல், மரவட்டை, சோதனை, புள்ளி, காடு. பதில்: வருக.' முந்நூறு இலைக்கு மேல் அதே முயல். முயல் ஒரு தரம் அடித்தால். முயல் இரண்டு தரம் அடித்தால். முயல் திங்கட்கிழமை அடித்தால். முயல் அவசரமாக அடித்தால். முயல் யோசித்து அடித்தால்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நானூறு இலை வேணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க," என்றான் கொண்டையன். "எனக்கு இருக்கிறது ஒரு மூக்கு. வேற என்ன செய்ய?"

"யாரு இந்த முயல்?"

"யாருமில்ல. சோதனைக்காகச் சும்மா பிறக்க வச்சது."

செவ்வந்தி அடுத்த கிளைக்குப் போனாள். அங்கே ஓர் இலையில் கண் நின்றது. 'மா, புள்ளி, செவ்வந்தி, மரவட்டை, பாறை, புள்ளி, காடு. பதில்: செல்லாத முகவரி.' இலை குளிர்ச்சியாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"ஏய் கொண்டையா! என் பேரு எதுக்குடா இதுல?"

"அதுவா? தப்பான ஐடிக்கும் உதாரணம் வேணும்ல. காட்டு வாக்காளர் பட்டியலை எடுத்தேன், கண்ணுல பட்டதை அடிச்சேன். பெட்டி என்ன சொல்லுச்சோ அதை அப்படியே பதில்னு எழுதிட்டேன்."

"பெட்டி சரியாச் சொல்லுதான்னு பாக்கத்தானே இந்த மரம்?"

"ஆமா."

"அந்தப் பெட்டியைக் கேட்டேதான் பதில் எழுதினியா?"

"வேற யாரைக் கேக்க? பெட்டியைப் பத்திப் பெட்டியைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

செவ்வந்திக்கு நாக்கு ஏற்கெனவே வறண்டிருந்தது. இப்போது பேச்சும் வறண்டது. "அப்ப நான் வெளியில நிக்கிறதுதான் சரின்னு எழுதி வச்சிருக்க."

"கோவிச்சுக்காதீங்கக்கா. பெருமையா எடுத்துக்கங்க. உங்க இலை இன்னைக்கு வரைக்கும் ஒரு தரம்கூடச் சிவந்ததில்ல."

நாரப்பன் கூட்டிலிருந்த பெட்டியோடு குறுக்கே வந்து, "கொத்துங்கண்ணே, நான் சரி பண்ணிட்டேன்," என்றான். கொண்டையன் கொத்தினான். டொக் டொக் டொக் என்று நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தபோது, மரத்தில் முப்பத்தேழு இலை சிவந்து போயிருந்தது. செவ்வந்தி, முள்ளம்பன்றி, காட்டெருமை, மிளா மான். அப்பன் பெயர் உள்ள முப்பத்தேழு பேர்.

"ஐயையோ!" என்று கொண்டையன் கொண்டை குத்திட்டு நின்றது. "இன்னைக்குத்தானாய்யா உனக்குப் பழுது பார்க்கத் தோணுச்சு? தேவாங்கு ஐயா தரம் பாக்க வர்றாரு!"

சொல்லி வாய் மூடவில்லை, தேவாங்கு ஐயா வந்துவிட்டார்.

தேவாங்குக்கு எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு கண். இருட்டில் எறும்பின் மீசையைக்கூட எண்ணிவிடும். ஆனால் ஆபீஸ் நேரம் பகல். பகலில் அதற்குக் கண் கூசும். ஆகவே இரண்டு கண்ணையும் முக்கால்வாசி மூடிக்கொண்டு, கிளையைத் தடவித் தடவித்தான் தரம் பார்க்கும். இப்படிப் பார்த்தே ஏழு காட்டுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

முதலில் இலைகளை எண்ணியது. "நானூற்றுப் பன்னிரண்டு. நல்லது." காம்புகளை விரலால் அளந்தது. "எல்லாம் ஒரே நீளம். நல்லது." எழுத்தைத் தடவியது. "தெளிவான கையெழுத்து." கடைசியில்தான் நிறம் கேட்டது. "எல்லாம் பச்சைதானே?"

செவ்வந்திதான் சொன்னாள். "முப்பத்தேழு சிவப்புங்க ஐயா. அதுக்குக் காரணம்..."

"காரணம் என் படிவத்தில் இல்லையம்மா. நேற்று என்ன நிறம்?"

"பச்சை," என்றான் கொண்டையன்.

"இன்று யார் தொட்டது?"

"நான்தாங்க," என்றான் நாரப்பன். "கதவுல ஒரு தப்பு இருந்துச்சு. சரி பண்ணினேன்."

"தொடுவதற்கு முன்னால் பச்சை. தொட்ட பிறகு சிவப்பு. அப்படியானால் கெடுத்தது யார்?"

நாரப்பனுக்கே ஒரு நிமிஷம் தான்தான் கெடுத்தோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"ஐயா, அந்த இலையில எழுதியிருக்கிற பதிலே தப்புங்க," என்றாள் செவ்வந்தி. "அதைப் பாருங்க."

தேவாங்கு பொறுமையாகச் சொன்னது. "அம்மா, பதில் சரியா என்று பார்ப்பது என் வேலை இல்லை. பதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இருக்கிறது. தம்பி, அந்த முடிச்சைப் பழையபடி போடு."

நாரப்பன் செவ்வந்தியைப் பார்க்காமல் முடிச்சைப் பழையபடி போட்டான். முப்பத்தேழு இலையும் பச்சையாயின. கொண்டையன் மூச்சு விட்டான்.

"தொண்ணூற்றாறு," என்றது தேவாங்கு. "நாலு மதிப்பெண் குறைகிறது. ஏனென்றால் பெட்டிக்குள் ஒரு கண்ணியை எந்த இலையும் கொத்தவில்லை. 'புலி வந்தால் தானாகத் திற' என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏன் சோதனை இல்லை?"

"புலியைக் கூட்டிட்டு வந்து கொத்திப் பாக்க யாருக்குங்க ஐயா தைரியம் இருக்கு?"

"சோதிக்க முடியாவிட்டால் வெட்டிவிடு. நூறு ஆகிவிடும்."

நாரப்பன் பதறினான். "புலி ஐயாகிட்ட ஒரு வார்த்தை..."

"நூறு என்று சொல், போதும். நூறுக்குள்ளே என்ன இருக்கிறது என்று எந்தப் புலி கேட்டிருக்கிறது?"

கண்ணியை வெட்டி, கதவுப் பெட்டியிலும் அப்படியே மாட்டினார்கள். நூறு என்று எழுதிய பலகை புலியின் கழுத்தில் ஏறியது. புலி அதைப் பக்கத்துக் காட்டில் காட்டிவிட்டு வர அன்றைக்கே கிளம்பியது. பத்து நாள் பயணம்.

எல்லாரும் போன பிறகும் செவ்வந்தி மரத்தடியிலேயே நின்றாள். பாறை இடுக்கில் ஒச்சப்பன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடப்பது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெறும் கொட்டாங்குச்சியோடு எப்படித் திரும்புவது?

"கொண்டையா, ஒண்ணு கேக்கறேன். இந்த முயல் வந்தா கதவு திறக்குமா?"

"அதுக்குத் திறக்காம வேற யாருக்குத் திறக்கும்? முந்நூறு தடவை திறந்து பாத்தாச்சு."

"நாலு எண்ணு அதோட மெயிலுக்குத்தான போகும். அந்த மெயிலை யாரு திறக்கிறது?"

"நான்தான். எண்ணு வந்துச்சான்னு பாக்கணும்ல? பாஸ்வேர்டு மறந்துபோகும்னு முதல் இலையிலயே எழுதி வச்சிருக்கேன். தேவாங்கு ஐயாகூடத் தடவிப் பாத்துட்டு, தெளிவான கையெழுத்துன்னாரே."

செவ்வந்தி முதல் இலையைப் பார்த்தாள். முயல் ஒண்ணு ரெண்டு மூணு. சின்னப் பிள்ளைக்கும் மறக்காது.

நேரே கதவுக்குப் போனாள். சோதனைமுயல், மரவட்டை, சோதனை, புள்ளி, காடு. பெட்டி 'வருக' என்றது. தன் செல்போனில் முயலின் மெயிலைத் திறந்தாள். நாலு எண் வந்திருந்தது. அடித்தாள். முள்கதவு கிறீச்சென்று விலகியது.

கரடி எழுந்து நின்றது. "அக்கா, என்னக்கா இது? நீங்க முயலா?"

"பெட்டி என்ன சொல்லுது?"

"முயல்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"ஆனா நீங்க செவ்வந்தியக்கான்னு எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியும் தம்பி. பெட்டிக்குத் தெரியலையே."

கரடி யோசித்துப் பார்த்தது. காலையில் தான் சொன்ன நியாயமேதான். தன் நியாயத்தைத் தானே எப்படி மறுப்பது? வழிவிட்டது.

மடுவின் கரையில் செவ்வந்தி குனிந்தாள். வாய் வைப்பதற்கு முன்னால், யாருக்கும் கேட்காமல் தண்ணீரிடம் மட்டும் சொன்னாள்: "மாசானம் மக செவ்வந்தி வந்திருக்கேன்." தண்ணீர் மறுபேச்சுப் பேசவில்லை. குடித்தாள். கொட்டாங்குச்சி நிறைய மொண்டுகொண்டு பாறை இடுக்குக்குப் போனாள். ஒச்சப்பன் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுத்தான் பேசினான்.

"எப்படிடி விட்டாங்க?"

"முயல்னு சொன்னேன்."

"அப்ப நான் முயலோட வீட்டுக்காரனா?" என்று சிரித்தான். இரண்டு நாளாகச் சிரிக்காத சிரிப்பு அது.

உடும்புக்குப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு ஒளிக்கத் தெரியாது. வழியில் முள்ளம்பன்றியிடம் சொன்னாள். முள்ளம்பன்றி மிளாவிடம் சொன்னது. மறுநாள் முள்ளோடு ஒரு முயல் வந்தது. அதற்குப் பின்னால் ஆறடி உயரத்தில் ஒரு முயல். மூன்றாம் நாள் காட்டெருமை வந்து முயல் என்று அடித்தபோது கரடி மெல்ல இழுத்தது.

"அண்ணே, கொம்பு இருக்கே."

"முயற்கொம்புன்னு பெரியவங்க சொல்லுவாங்க, கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன்."

"பாத்திருக்கியா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

ஒரு வாரத்தில், ஒழுங்காக ஐடி செல்லுகிறவர்களும் முயலாகிவிட்டார்கள். சொந்தப் பெயரை நினைவில் வைப்பதைவிட முயலை நினைவில் வைப்பது சுலபமாக இருந்தது. குயில்கூட முயலாகத்தான் வந்தது. அடுத்தவர் கூட்டில் பிறந்த குயிலுக்கு, அடுத்தவர் பெயரில் குடிப்பது ஒரு கஷ்டமா?

தேவாங்கு ஐயா இன்னொரு தரம் வந்து கதவின் பதிவேட்டைத் தடவிப் பார்த்தது. தினமும் ஒரே ஒரு முயல் ஐந்நூறு தரம் தண்ணீர் குடித்திருந்தது. ஐயாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "சோதனையில் யார் வந்தாரோ, நிஜத்திலும் அவரேதான் வந்திருக்கிறார். சோதனைக்கும் வாழ்க்கைக்கும் இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லை," என்றது. பார்த்ததே இல்லை என்பது மட்டும் உண்மை.

பத்தாம் நாள் பொழுது சாயும் நேரம் புலி திரும்பியது. வழி நெடுகத் தண்ணீர் இல்லை. நாக்கு முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் நூறு ஆடியது. வரிசையில் நின்ற முயல்களெல்லாம், அதாவது உடும்பும் எருமையும் முள்ளம்பன்றியும், ஒதுங்கி வழிவிட்டன. புலி கதவின் முன்னால் போய் நின்றது.

கதவு திறக்கவில்லை.

புலி ஒரு தரம் கனைத்துப் பார்த்தது. கதவு அப்படியே நின்றது.

"கருப்பட்டி, ஏன் திறக்கல?"

"ஐடி அடிக்கணுங்கய்யா."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

கரடிக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. அதைச் சொன்னால் நாக்கு இருக்காது என்பதால் விழுங்கியது.

புலி தன் ஐடியை அடித்தது. அதற்கும் அப்பன் உண்டு, உறுமன் என்று பெயர் போன புலி. உ, புள்ளி, வேங்கையப்பன். பெட்டி கொஞ்சமும் யோசிக்காமல் 'செல்லாத முகவரி' என்றது. புலி உறுமியது. மலை அதிர்ந்தது, மான்கள் இரண்டு மயங்கி விழுந்தன. பெட்டிக்குக் காது கிடையாது. மறுபடியும் 'செல்லாத முகவரி' என்றது. புலி பாதத்தைத் தூக்கியது, ஒரே அடியாகப் பெட்டியை நொறுக்க.

"ஐயா, உடைச்சிராதீங்க," என்றாள் செவ்வந்தி. "உடைச்சா அந்த மரம் முழுக்கச் சிவந்துபோயிரும். உங்க கழுத்துல நூறு தொங்குது."

பாதம் அந்தரத்தில் நின்றது. புலி நாரப்பனைத் தேடியது. நாரப்பன் மேலே கிளையில் இருந்தபடியே, "ஒரே ஒரு முடிச்சுதாங்கய்யா," என்றான். "போட்டா உங்களுக்கும் திறக்கும், எல்லாருக்கும் திறக்கும். ஆனா முப்பத்தேழு இலை சிவக்கும்."

"சிவந்தா?"

"நூறு போயிருங்கய்யா."

அடுத்த வாரம் பச்சை மரத்தைப் பார்க்கப் பக்கத்துக் காட்டுப் புலி வருகிறது. வேங்கையப்பனே அதை அழைத்துவிட்டு வந்திருந்தது. புலி ஒரு தரம் தண்ணீரைப் பார்த்தது. ஒரு தரம் கழுத்துப் பலகையைப் பார்த்தது. வரிசையைப் பார்த்தது. வரிசை முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில், காதோடு காதாக, "நீங்கல்லாம் எப்படிப் போறீங்க?" என்று கேட்டது.

"கஷ்டமில்லைங்கய்யா," என்றாள் செவ்வந்தி. "முயலாயிட்டாப் போதும்."

புலி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டது. அப்புறம் ஒரு நகத்தால், மெதுவாக, அவள் சொல்லச் சொல்ல அடித்தது. அவள் செல்போனில் முயலின் மெயில் பாஸ்வேர்டு கேட்டது. சொன்னாள். முயல், ஒண்ணு, ரெண்டு, மூணு. வந்த நாலு எண்ணையும் அடித்தது. கதவு கிறீச்சென்று விலகியது.

கரடி எழுந்து, ஒரு கணம் தடுமாறி, எப்போதும் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னது: "வாங்க முயலாரே. குடிச்சிட்டு வாங்க."

புலி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனது. அதன் பின்னாலேயே செவ்வந்தியும் போனாள். ஒரே மடுவில் இரண்டு முயல்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தன. முடிச்சைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில், எங்கிருந்தோ, நிஜமாகவே ஒரு முயல் வந்து சேர்ந்தது. ஒல்லியான உடம்பு, நடுங்குகிற மூக்கு. சொந்த ஐடியை அடித்தது. அப்பன் உள்ள முயல், செல்லவில்லை. பின்னால் இருந்தவர்கள் பாவப்பட்டு வழி சொல்லிக் கொடுத்தார்கள். சோதனைமுயல் என்று அடித்தது, நாலு எண்ணும் அடித்தது. கதவு விலகப் போகிற நேரம் கரடி கையை நீட்டித் தடுத்தது. மேலும் கீழுமாகப் பார்த்தது.

"நில்லு. நீ யாரு?"

"முயலுங்க."

"முயலா? பத்து நாளா முயலைப் பாத்துக்கிட்டிருக்கேன் நான். முள்ளோட வரும், கொம்போட வரும், நேத்து உடம்பெல்லாம் கோடு போட்டு வந்துச்சு. நீ என்ன, சும்மா ரெண்டு காதை வச்சிக்கிட்டு வந்து நிக்கிற? உன்னைப் பாத்தா முயல் மாதிரியே தெரியலையே."

அப்போதுதான் மடுவிலிருந்து வெளியே வந்த செவ்வந்தி, ஒச்சப்பனுக்கு எடுத்துவந்த கொட்டாங்குச்சியை முயலின் வாயருகே சாய்த்தாள். முயல் குடித்தது. பின்னால் மரங்கொத்தி மரம், ஓர் இலை விடாமல், பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

நீதி: கதவின் முன்னால் நின்று 'நான் யார் தெரியுமா' என்று கேட்காதே, கதவுக்கு யாரைத் தெரியும் என்று விசாரித்துக்கொண்டு, அந்த ஆளாகவே போ. நிஜத்தில் நீயே அந்த ஆளாக இருந்துவிட்டால் மட்டும், கையோடு ஒரு கொட்டாங்குச்சிக்காரியைக் கூட்டிக்கொண்டு போ.